கேட் கிறீச்சென்றதா?

வாசகர் கேள்விகளுக்குக் குன்னூரிலிருந்து பதில்

சென்ற இதழில் ஒரு வாசகர், "நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிற வெளிநாட்டுத் தொடர் எது?" என்று கேட்டிருந்தார். "ஸ்லைடர்ஸ்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அது போதாதாம். வந்து குவிந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். கேரட் விலை, காட்டெருமைத் தொல்லை, மலை ரயில் டிக்கெட் பற்றியெல்லாம் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை இணை உலகங்கள் மட்டும்.

ஸ்லைடர்ஸ் என்று தேடினால் எனக்கு ஜன்னல் கதவுக்குப் போடும் தண்டவாளமும் ஏதோ குட்டி பர்கரும்தான் வருகிறது சார். அது என்ன கதை?
— கல்லூரி மாணவி, கோத்தகிரி

அமெரிக்காவில் ஃபாக்ஸ் சேனலில் 1995 மார்ச்சில் தொடங்கிய தொடர். ட்ரேசி டோர்மே, ராபர்ட் கே. வைஸ் என்ற இருவர் உருவாக்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் க்வின் மேலரி என்று ஓர் இயற்பியல் மாணவன். வீட்டுக்குக் கீழே இருக்கிற அறையில் புவியீர்ப்பை எதிர்க்கும் கருவி செய்கிறேன் என்று உட்கார்ந்து, வேறொரு பூமிக்கு வழியைத் திறந்துவிடுகிறான். அதே ஊர், அதே தெரு, சரித்திரம் மட்டும் வேறு. முதலில் தனியாகப் போய்ப் பார்க்கிறான். அங்கே சிவப்பு விளக்கு விழுந்தால் வண்டிகள் போகின்றன, பச்சை விழுந்தால் நிற்கின்றன.

நம் ஊரில் இதை யோசித்துப் பாருங்கள் தங்கச்சி. மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிட வேண்டும் என்பது விதி. அதைத் தலைகீழாக்கிய ஒரு பர்லியாறு வளைவில் நம் பஸ் டிரைவரைக் கொண்டுபோய் விட்டால் எப்படியிருக்கும்? தொடரின் சுவாரசியம் அவ்வளவுதான், ஆனால் அது கொஞ்சமில்லை.

அடுத்த முறை தன் பேராசிரியர் ஆர்ட்டுரோவையும், கூட வேலை பார்க்கும் வேட் என்ற பெண்ணையும் கூட்டிப் போகிறான் க்வின். துளை அளவுக்கு மீறிப் பெரிதாகி, வீட்டுக்கு வெளியே தெருவில் காரில் போய்க்கொண்டிருந்த ரெம்பிராண்ட் என்ற பாடகரையும் கேடிலாக்கோடு சேர்த்து விழுங்கிவிடுகிறது. பேஸ்பால் மைதானத்தில் தேசிய கீதம் பாடுவதற்காகக் கிளம்பிய மனிதர், பாவம். போய் விழுந்த இடம் பனி உறைந்த உலகம். சூறாவளி துரத்த, நேரம் வருமுன்பே கருவியை அழுத்தித் தப்பிக்கிறார்கள். அதோடு சொந்த பூமிக்குத் திரும்பும் கணக்கு அழிந்தது. பிறகு உலகம் உலகமாகத் தாவல். ஓர் உலகத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பது டைமரில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நொடியை விட்டால் அடுத்த வாய்ப்புக்கு 29 வருடத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும்.

ஐந்து சீசன், 88 பாகம். 2000 பிப்ரவரியில் முடிந்தது.

தொண்ணூறுகளில் குன்னூரில் இதை எப்படிப் பார்த்தீர்கள்? எங்கள் வீட்டில் அப்போது தூர்தர்ஷனே கொசு மொய்த்த மாதிரித்தான் தெரியும்.
— மேல் குன்னூர் வாசகர்

அப்போது நான் வீடியோ லைப்ரரி வைத்திருந்தேன். வாடிக்கையாளர் ஒரு பெரியம்மா. மகன் கலிஃபோர்னியாவில். அம்மா பார்க்கட்டும் என்று அவர் அங்கே டிவியில் வருவதையெல்லாம் ரெக்கார்டு செய்து கேசட் கேசட்டாக அனுப்புவார். பெரியம்மாவின் வீட்டு வீடியோ டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளைக் கோடுதான் உருளும். டிவி ஒளிபரப்பு முறையே வேறு: அமெரிக்காவில் என்.டி.எஸ்.சி., இங்கே பி.ஏ.எல். (PAL). அங்கே 525 வரி, இங்கே 625. என்னிடம் மல்டி சிஸ்டம் டெக் ஒன்று இருந்ததால் கேசட்டெல்லாம் கடைக்கு வந்து சேர்ந்தது. மகன் அனுப்பிய சமையல் நிகழ்ச்சியைப் பெரியம்மா பார்த்தார், அதே கேசட்டின் மிச்சத்தில் இருந்த ஸ்லைடர்ஸை நான் பார்த்தேன். நடுநடுவே அமெரிக்க விளம்பரங்களோடு.

கேசட் வியாபாரத்துக்குக் குன்னூரைப் போலப் பகையான ஊர் கிடையாது. ஊட்டிக்காரர்களுக்கு ஆடி மாத மழை என்றால் நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை. சாரல் நின்றாலும் ஈரம் நிற்காது. கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால், சுற்றிய டேப்பின் ஓரத்தில் பஞ்சு இழை மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும். பூசணம். அதை அப்படியே டெக்கில் போட்டால் ஹெட் அடைத்துப் படம் பனிமூட்டமாகிவிடும். அந்த டெக்கில் அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் அது ஒட்டும். பீரோவுக்குள் 40 வாட்ஸ் குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டு வைப்போம். மீறிப் பூத்ததற்கு ஸ்பிரிட்டும் துணியும்தான். ஒரு பாகத்தின் நடுவில் ஐந்து நிமிடம் போய்விட்டதென்றால் போனதுதான். அந்த உலகத்தில் என்ன நடந்தது என்று நாமே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். என் ரசிகத்தனத்துக்குக் காரணமே அந்த ஓட்டைகள்தான் என்று சில சமயம் தோன்றும்.

பாகங்கள் முன்னுக்குப் பின்னாகவும் இருந்தன. கேசட் அனுப்பியவர் மேல் தப்பில்லை. முதல் சீசனை எடுத்த வரிசையில் ஃபாக்ஸ் ஒளிபரப்பவில்லை.

ஒரே ஒரு பாகம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?
— பள்ளி ஆசிரியை, கொடைக்கானல்

ஒன்று போதாது டீச்சர், ஒன்றரை வேண்டும். முதல் பாகத்தை முழுக்கப் பாருங்கள். பிறகு இரண்டாவது சீசனின் முதல் பாகத்தில் கடைசிச் சில நிமிடங்களைப் பாருங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

முதல் பாகத்தில் ரஷ்யர்கள் பிடித்துவைத்திருக்கிற அமெரிக்காவிலிருந்து தப்பி, ஒருவழியாக வீடு வந்து சேர்கிறார்கள். ஊர் சரியாக இருக்கிறது. வீடு சரியாக இருக்கிறது. அம்மா சரியாக இருக்கிறார். எல்லோரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த பிறகு, என்றோ இறந்துபோன க்வினின் அப்பா வேலையிலிருந்து திரும்பி வருவது போலச் சாவகாசமாக உள்ளே வருகிறார். எல்லாம் சரி, ஒன்று மட்டும் தப்பு. இது நம் வீடு இல்லை.

இப்போது இரண்டாவது சீசன், 1996. நால்வரும் மறுபடி அதே வீட்டு வாசலில் வந்து விழுகிறார்கள். டைமரில் நேரமே இல்லை. இருப்பதா, போவதா என்று உடனே முடிவு செய்தாக வேண்டும். க்வினுக்குத் தெரிந்த சோதனை ஒன்று உண்டு. அவன் வீட்டு கேட் எப்போதும் கிறீச்சிடும். போய்த் தள்ளிப் பார்க்கிறான். சத்தமே இல்லை. இது இல்லை என்று அடுத்த துளையில் குதித்துவிடுகிறார்கள். துளை மூடிக்கொள்கிறது. வீட்டுக்குள்ளிருந்து அம்மா வெளியே வருகிறார், கூடவே ரிப்பேர் வேலைக்கு வந்த ஆள். கேட்டைச் சரிசெய்தது அவர்தான்.

இந்தத் தொடரில் ஊர்கள் அழிகின்றன, எரிகல் விழப் பார்க்கிறது, ஆட்கள் சாகிறார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது இந்த இடம்தான். முதல் முறை ஒரு சின்னத் தப்பைக் கவனிக்காமல் ஏமாந்தார்கள். அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டு, இரண்டாம் முறை ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தே ஏமாந்தார்கள். நாம் இல்லாத நேரத்தில் வீடு நமக்காக அப்படியே நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்ததுதான் கோளாறு. இரண்டு வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்த எந்தப் பையனையும் கேளுங்கள், வாசலில் நின்று இதே சோதனையைத்தான் செய்திருப்பான்.

மிச்ச நேரம் கிடைத்தால் 'ஃபீவர்' பாருங்கள். பென்சிலின் கண்டுபிடிக்கப்படாத உலகம். தொற்று பரவி ஊரே முடங்கிக் கிடக்கிறது. ஆர்ட்டுரோ அழுகிய உணவுப் பண்டங்களைச் சேர்த்து, அதில் பூத்த பூசணத்திலிருந்து மருந்து எடுக்கிறார். நான் இதைப் பார்த்தபோது என் பின்னால் பீரோ முழுக்க அதே ஜாதிதான் இலவசமாக விளைந்துகொண்டிருந்தது.

என் எட்டு வயது மகன் பார்க்கலாமா?
— வெலிங்டன் வாசகி

முதல் இரண்டு சீசன் பார்க்கலாம். மூன்றாவதில் மூளையை உறிஞ்சுகிறவன் ஒருவன் வருகிறான்; அதை நீங்களே பார்க்க வேண்டாம்.

இயற்பியல் முதுகலை படிக்கிறேன். இந்தத் தொடரில் அறிவியல் எந்த அளவுக்கு உண்மை? 'ஐன்ஸ்டீன்-ரோசன்-பொடோல்ஸ்கி பாலம்' என்று வருகிறதே, அப்படி ஒன்று கிடையாதே?
— ஊட்டி மாணவர்

கிடையாதுதான் தம்பி. ஐன்ஸ்டீன் 1935-இல் அடுத்தடுத்து எழுதிய இரண்டு கட்டுரைகளைத் திரைக்கதைக்காரர்கள் ஒன்றாக ஒட்டிவிட்டார்கள். மே மாதம் வந்தது பொடோல்ஸ்கி, ரோசன் இருவரோடும் சேர்ந்து எழுதியது. ஒன்றோடொன்று தொடர்புற்ற இரண்டு துகள்களைப் பிரித்து எவ்வளவு தூரத்தில் வைத்தாலும் ஒன்றை அளந்தால் மற்றதைப் பற்றித் தெரிந்துவிடுகிறதே, அப்படியானால் குவாண்டம் கொள்கை முழுமையானதுதானா என்ற கேள்வி. ஜூலையில் வந்தது ரோசனோடு மட்டும் எழுதியது. வெளியின் இரண்டு தாள்களை இணைக்கும் 'பாலம்' அதில்தான் இருக்கிறது. அந்தப் பாலத்தில் பொடோல்ஸ்கிக்கு வேலை இல்லை. பாலத்தைக் கடக்கவும் முடியாது. ஓர் ஒளிக்கதிர் மறுகரை போவதற்குள் அது அறுந்துவிடும் என்று 1962-இல் ஃபுல்லரும் வீலரும் காட்டிவிட்டார்கள். மனிதன் போய் வரக்கூடிய துளை என்றால் என்னென்ன வேண்டும் என்று 1988-இல் மாரிஸும் கிப் தார்னும் கணக்குப் போட்டார்கள். எதிர்மறை ஆற்றல் கொண்ட பொருள் வேண்டியிருந்தது. அடித்தள அறையில் கிடைக்கிற சரக்கு இல்லை.

ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள். 2013-இல் மால்டசீனா, சஸ்கின்ட் என்ற இரண்டு பெரிய ஆட்கள், அந்த மே மாதக் கட்டுரையில் வந்த துகள்களின் பின்னலும் ஜூலைக் கட்டுரையின் பாலமும் அடிப்படையில் ஒன்றுதானோ என்று ஒரு கருத்தை முன்வைத்தார்கள். இன்னும் நிரூபணமாகவில்லை. இருந்தாலும் தொடரில் உளறியதாக நாம் சிரித்த பெயர், தொடர் முடிந்து 13 வருடம் கழித்து இயற்பியல் கட்டுரைக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது.

பல உலகம் என்ற எண்ணம் வேறு இடத்திலிருந்து வருகிறது, அது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1957-இல் பிரின்ஸ்டனில் ஹ்யூ எவரெட் என்ற மாணவர் தன் ஆய்வேட்டில், ஒரு துகளை அளக்கும்போது பல விடைகளில் ஒன்று மட்டும் மிஞ்சி மற்றவை மறைந்துபோகின்றன என்று ஏன் சொல்ல வேண்டும், எல்லா விடையும் நடக்கிறது, நாம் ஒரு கிளையில் இருக்கிறோம் என்று எழுதினார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவர் பாதுகாப்புத் துறைக் கணக்குகளுக்குப் போய்விட்டார். 1970-இல் ப்ரைஸ் டிவிட் எழுதிய கட்டுரைதான் அதை வெளியே கொண்டுவந்தது. எவரெட் 1982-இல் 51 வயதில் இறந்தார். அவர் கணக்குப்படி பிரிந்த கிளையிலிருந்து அடுத்த கிளைக்குத் தாவ முடியாது. தாவ முடிந்தால்தான் கதை. எனவே கதைக்காரர்கள் எவரெட்டிடம் உலகங்களை வாங்கிக்கொண்டு, ஐன்ஸ்டீனிடம் பாலத்தைக் கடன் வாங்கி இரண்டுக்கும் முடிச்சுப் போட்டார்கள். எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. ஒரு பொய்யை முதல் அரை மணி நேரத்தில் சொல்லி முடித்துவிட்டு, அதற்குப் பிறகு பொய் சொல்லாமல் இருந்தால் போதும்.

நம் முத்தொரை ரேடியோ டெலஸ்கோப்பால் இணை உலகத்தைப் பார்க்க முடியுமா?
— எமரால்டு வாசகர்

முடியாது. அங்கே இணையாக இருப்பது அச்சு மட்டும்தான். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் அந்தக் கம்பி வலை மலைச்சரிவில் வடக்கு தெற்காக நிற்கிறதே, அது வசதிக்காகச் சரிவில் வைத்ததில்லை. அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வுள்ள மலையாகப் பார்த்து விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே திசையில் சுழற்றிக்கொண்டு போனாலே ஒரு விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். 1970 முதல் வேலை செய்கிறது. அந்த ஒரு மலை மட்டும் வேறு சாய்வில் இருந்திருந்தால் டெலஸ்கோப் வேறு ஊருக்குப் போயிருக்கும். இதையே ஒரு பாகமாக எடுக்கலாம்.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது பிரசவத்துக்காக மதுரையில் இருந்தேன். இனி 2030 வரை காத்திருக்க வேண்டும். உங்கள் ஸ்லைடர்ஸ் டைமர் இதைவிட மோசமா?
— பூம்பாறை வாசகி

மோசம்தான். அவர்களுக்கு 29 வருடத்துக்கும் மேல், உங்களுக்கு 12. மேலும் எல்லாச் சரிவிலும் குறிஞ்சி ஒரே வருடம் பூப்பதில்லை. சில மலைகளில் வேறு வருடக் கணக்கு. கொஞ்சம் விசாரித்தால் நடுவில் ஒரு துளை திறக்கும். குழந்தையையும் கூட்டிப் போங்கள்.

என் தாத்தா பாட்டி எழுபதுகளில் இலங்கையிலிருந்து கப்பலில் வந்து, டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர்கள். நீலகிரியை வைத்து இந்தத் தொடரில் ஒரு பாகம் எழுதச் சொன்னால் சரித்திரத்தில் எதை மாற்றுவீர்கள்?
— கூடலூர் வாசகர்

பலரும் ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வராமல் இருந்திருந்தால் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அது வேண்டாம். அவர் வராவிட்டால் இன்னொரு துரை வந்திருப்பார். நான் ஆட்களையே தொட மாட்டேன். ஒரு பூசணத்தை எடுத்துவிடுவேன்.

1869-இல் இலங்கையில் காபி இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி பூத்தது. காபித் துரு. அப்போது இலங்கை என்றால் காபி. அங்கே வேலைக்குப் போன நம் ஆட்கள் பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்துக்குப் போய், முடிந்ததும் காசோடு ஊர் திரும்பினவர்கள். போகும் வழியிலும் வரும் வழியிலும் செத்தவர்கள் ஏராளம், அது தனிக் கதை. ஆனால் ஊர் என்பது இந்தப் பக்கம்தான் இருந்தது. துரு வந்து காபியைத் தின்று தீர்த்த பிறகு தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறினார்கள். தேயிலைக் கொழுந்து பருவம் பார்த்து வருவதில்லை, வருடம் முழுக்கக் கிள்ள வேண்டும். அதற்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் அங்கேயே இருக்க வேண்டும். லயம் என்ற வரிசை வீடுகள் கட்டினார்கள். பிள்ளைகள் லயத்தில் பிறந்தார்கள், அவர்களுடைய பிள்ளைகளும் பிறந்தார்கள்.

1948-இல் அந்த நாட்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். மனிதர்களைப் பாகம் பிரித்த அந்தக் கணக்கில்தான் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியது உங்கள் தாத்தா தலைமுறை. அப்படி வருகிறவர்களுக்கு வேலை வேண்டும் என்றுதான் 1968-இல் வனத்துறை மூலமாக அரசு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது. அதுதான் பிறகு டான்டீ.

இப்போது துருவை மட்டும் எடுத்துவிடுங்கள். நால்வரும் கூடலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து விழுகிறார்கள். மலைச்சரிவில் கத்தரித்துவிட்ட பச்சைக் கம்பளம் இல்லை. நிழல் மரமும் அதன் அடியில் காபியும். கடைப் பலகையில் டீ கிடையாது. ஆர்ட்டுரோ டீ கேட்டுச் சண்டை போடுகிறார், அந்த ஆளுக்கு அது கட்டாயம் பொருந்தும். வேட் ஓர் ஆரம்பப் பள்ளிக்குள் போகிறாள், வகுப்பில் பாதி பெஞ்சு காலி. உங்கள் குடும்பம் அங்கே இல்லை. எங்கே என்று தேடிக்கொண்டு போனால் ராமநாதபுரம் பக்கமோ புதுக்கோட்டை பக்கமோ ஒரு கிராமத்தில், மழை பொய்த்த கண்மாய்க் கரையில் உங்களைப் போலவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு மலை என்றால் தாத்தாவின் தாத்தா எப்போதோ போய்வந்த இடம். அவர் உங்களைவிட நன்றாக இருக்கிறாரா, மோசமாக இருக்கிறாரா என்று நான் எழுத மாட்டேன். டைமர் அடித்துவிடும்.

ஆரம்பத்தில் அவ்வளவு நன்றாக இருந்த தொடர் பிறகு ஏன் கெட்டுப்போனது? நானும் மூன்றாவது சீசனில் விட்டுவிட்டேன்.
— அரவங்காடு வாசகர்

நீங்கள் புத்திசாலி. நான் கடைசி வரை உட்கார்ந்தேன்.

வெளிப்படையான காரணங்கள் தெரிந்தவைதான். முதல் இரண்டு சீசன் கனடாவில் வான்கூவரில் எடுத்தார்கள், மூன்றாவதை லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றினார்கள். சேனலுக்குச் சண்டை வேண்டும், ஓட்டம் வேண்டும். டிராகன் வந்தது, ரத்தக் காட்டேரி வந்தது, நடமாடும் பிணம் வந்தது. போன வருடம் தியேட்டரில் ஓடிய படத்தை இந்த வருடம் தொடருக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். உருவாக்கிய டோர்மே விலகினார். ஆர்ட்டுரோவாக நடித்த ஜான் ரைஸ்-டேவிஸ் கதைகளைப் பற்றி வெளிப்படையாகவே குறை சொன்னவர். 1997-இல் அந்தப் பாத்திரத்தைக் கொன்றுவிட்டார்கள். வேடும் போனாள். நான்காவது சீசனில் சைஃபை சேனலுக்கு மாறியது. ஐந்தாவதில் க்வினாக நடித்த ஜெரி ஓ'கானலும் இல்லை. முதல் பாகம் தொட்டுக் கடைசிப் பாகம் வரை இருந்தவர் ரெம்பிராண்டாக நடித்த க்ளீவன்ட் டெரிக்ஸ் ஒருவர்தான். தப்பித்தவறி உள்ளே விழுந்தவர் கடைசியில் தனியாளாக வண்டியை இழுத்தார்.

ஆனால் நடிகர்கள் போனதால் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் உலகத்தில் ஒன்றே ஒன்று மாறியிருந்தால், பார்க்கிறவனும் கூடவே கணக்குப் போடுவான். முதல் சீசனில் ஒரு லாட்டரி உலகம் வரும். ஊர் அமைதி, நெரிசல் இல்லை, இயந்திரத்தில் எவ்வளவு பணம் கேட்டாலும் கொடுக்கிறது. எடுக்க எடுக்கப் பரிசு விழும் வாய்ப்பு கூடுகிறது. பரிசு என்ன தெரியுமா? மக்கள்தொகை ஏறாமல் இருக்க, பரிசு விழுந்தவர் சந்தோஷமாகச் சாக வேண்டும். அந்த விடையை நாம் பத்து நிமிடம் முன்னால் கண்டுபிடித்து, ஐயோ வேட் பணத்தை எடுக்கிறாளே என்று பதறுவோம். கூடச் சேர்ந்து போட்ட கணக்குத்தான் அந்தப் பதற்றம். டிராகன் வந்துவிட்டால் என்ன கணக்குப் போடுவது? எதுவும் நடக்கலாம் என்ற இடத்தில் எது நடந்தாலும் ஒன்றுதான்.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று. க்ரோமாக் என்று வேற்று உலகப் படை ஒன்றை இரண்டாவது சீசனில் ஒரு பாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். அது நன்றாகவே இருந்தது. நான்காவது சீசனில் அந்தப் படை இவர்கள் பூமியையே பிடித்துவிட்டது என்றும், க்வின் அந்தப் பூமியில் பிறந்தவனே இல்லை, வேறு உலகத்திலிருந்து கொண்டுவந்து வளர்க்கப்பட்டவன் என்றும் மாற்றினார்கள். அப்படியென்றால் அந்த கேட்? எந்த வீட்டுக்காக மூன்று சீசன் இவர்களோடு நாமும் அலைந்தோமோ, அது வீடே இல்லை என்று எழுத ஒரு மனிதனுக்குக் கை வர வேண்டும்.

இரண்டு ஆர்ட்டுரோக்கள் அடித்துக்கொள்ளும் பாகத்தில் துளைக்குள் போனது அசலா, நகலா?
— கோத்தகிரி வாசகர்

தொடரில் விடை இல்லை, வேண்டுமென்றேதான் விட்டார்கள். என் கட்சி: போனது நகல். அசல் ஆர்ட்டுரோ எங்கோ உட்கார்ந்து மூன்றாவது சீசனிலிருந்து தப்பித்துவிட்டார்.

உங்கள் நகல் வேறு உலகத்திலிருந்து வந்து கதவைத் தட்டினால் என்ன கேட்பீர்கள்?
— தாண்டிக்குடி வாசகர்

வாடகை பாக்கி இருக்கிறதா என்று கேட்பேன். அவனும் கேசட் கடைதான் வைத்திருப்பான், சி.டி. வந்தபோது அவனாவது சமாளித்தானா என்று தெரிய வேண்டும்.

இந்தக் கேள்வியைத் தொட்டு ஒரு தகவல். ரெம்பிராண்ட் பெரிய நட்சத்திரமாக இருக்கிற உலகம் ஒன்று முதல் சீசனில் வரும். அங்கே அவருடைய நகலோடு நேருக்கு நேர் நிற்க வேண்டும். கேமரா தந்திரம் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தோம், கடையில் கூடும் பையன்கள் ஒட்டுக்கோட்டைத் தேடி நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். ஒட்டே இல்லை. டெரிக்ஸின் இரட்டைப் பிறவிச் சகோதரரையே கூட்டிவந்து நடிக்க வைத்திருக்கிறார்கள்.

இப்போது வருகிற இணை உலகத் தொடர்களெல்லாம் இதைவிடப் பிரமாதமாக இருக்கின்றனவே? பழசையே பிடித்துத் தொங்குகிறீர்களே?
— பொறியியல் பட்டதாரி, கொடைக்கானல்

இருக்கட்டுமே, நானும் பார்க்கிறேன். 'ஃப்ரின்ஜ்' நல்ல தொடர். மறுபக்கத்து நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் இடியாமல் நிற்பதை ஒரு ஜன்னல் வழியே காட்டுவார்கள், வசனமே வேண்டாம். 'கவுன்டர்பார்ட்' அதைவிடக் கெட்டி. 1987-இல் பெர்லினில் உலகம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு மனிதனும் அவனே வேறாகிப்போன மனிதனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். இரண்டே சீசனில் நிறுத்திவிட்டார்கள். இரண்டிலும் உலகங்களின் எண்ணிக்கை இரண்டுதான் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் கட்டுக்குள் நின்றன. ஸ்லைடர்ஸ் வாரத்துக்கு ஓர் உலகம் செய்ய வேண்டியிருந்தது, கை சறுக்கியதும் அதனால்தான். சரியாக வந்த வாரங்களில் அதன் பக்கத்தில் வேறொன்றும் நிற்காது என்பது என் கட்சி. நீங்கள் மாற்றுக் கட்சியாக இருக்கலாம்.

முடிவாகச் சொல்லுங்கள் அண்ணா. எதிலிருந்து எது வரை பார்க்க வேண்டும்? ஐந்தாவது சீசனில் கதை முடிகிறதா இல்லையா?
— குன்னூர், பெட்ஃபோர்டு வாசகி

முடியவில்லை. ரெம்பிராண்ட் தனியாகத் துளைக்குள் குதிக்கிறார், போய்ச் சேர்ந்தாரா என்று நிற்கிறவர்களுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. அடுத்த சீசன் வரவே இல்லை.

முதல் சீசன் முழுக்கப் பாருங்கள். இரண்டாவதும் முழுக்க. டோர்மேயின் அப்பா மெல் டோர்மே பெரிய பாடகர், அவரே ஒரு பாகத்தில் வந்துபோவார், விட்டுவிடாதீர்கள். மூன்றாவதில் டிராகன், காட்டேரி என்று படம் போட்டிருந்தால் தாண்டிவிடுங்கள். நான்கையும் ஐந்தையும் நல்ல மழை நாளாகப் பார்த்து, மரம் சாய்ந்து பெட்ஃபோர்டில் கரண்ட் போன பிறகு போடுங்கள். கரண்ட் இல்லாமல் எப்படிப் பார்ப்பது என்று மறுபடி கடிதம் எழுத வேண்டாம், யோசித்துத்தான் சொல்கிறேன்.